படியில் தொங்கும் பையனுக்குப் பயம் தெரியாதா?

கேள்வி: 8 ஜூலை 2024

என் மகன் பதினொன்றாம் வகுப்பு. மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் படிக்கிறான். பத்தாவதில் நல்ல மார்க். வீட்டில் அதிர்ந்து பேசமாட்டான். போன வாரம் என் மைத்துனர் பைக்கில் வரும்போது, முன்னால் போன பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கிக்கொண்டு போனவன் இவன்தான். கேட்டால், "எல்லாரும் தொங்குறாங்கப்பா" என்கிறான். இளங்கன்று பயமறியாது என்பது சரிதான் போல. செல்போனும் சினிமாவும் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் என்பதே இல்லாமல் செய்துவிட்டன. பெரியாஸ்பத்திரி விபத்து வார்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலை பார்க்கிறார். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் புத்தி வரும் என்று நினைக்கிறேன். யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில்: 8 ஜூலை 2024, இரவு

நானும் அந்தத் தடத்தில்தான் போய்வருகிறேன். மதுரையில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். உங்கள் மகனை எனக்குத் தெரியாது, ஆனால் அவனைப் போன்ற பையன்களைக் காலையிலும் மாலையிலும் பார்க்கிறேன்.

பயம் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். மாலை வண்டி ஒத்தக்கடை தாண்டியதும் உள்ளே சீட்டு காலியாகிவிடும். பையன்கள் உட்காரமாட்டார்கள். பின்படியில் ஐந்தாறு பேர் கொத்தாக நிற்பார்கள், கடைசி ஆளின் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு வெளியே பறக்கும். அதில் ஒரு பையனைக் கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். நரசிங்கம்பட்டியில் கூட்டாளிகள் எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். வண்டி எடுத்ததும் அவன் உள்ளே வந்து, ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அதே பஸ், அதே ரோடு, அதே வேகம்.

கம்பியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஆபத்தும் தெரியும். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவனா அவன்?

9 ஜூலை 2024

நேற்று சொன்னது என் கண்ணில் பட்டது மட்டும்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, சோதனை செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விழுந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் புள்ளி ஏறும். ஆனால் எந்த நொடியிலும் சிவப்பு விழுந்து குறுக்கே சுவர் வந்துவிடலாம். மோதினால் சேர்த்த புள்ளி போச்சு. 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24-க்கு மேல் என்று மூன்று பிரிவு. சிலரைத் தனியாக ஆடவிட்டார்கள், சிலரைக் கூட்டாளிகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடவிட்டார்கள். தனியாக ஆடியபோது மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூட்டாளிகள் இருந்தபோது சின்னவர்களின் துணிச்சல் எகிறிவிட்டது, நடுப் பிரிவுக்கும் கொஞ்சம் ஏறியது. 24 தாண்டியவர்கள் எப்போதும் போலவே ஓட்டினார்கள்.

2011-ல் அதே குழு, மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இதுபோன்ற விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தது. கூட்டாளிகள் பக்கத்து அறையில் இருந்து திரையில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே, கிடைக்கப்போகும் லாபத்துக்குத் துள்ளுகிற மூளைப் பகுதிகள் பிள்ளைகளிடம் கூடுதலாக வேலை செய்தன. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 'டேய், தொங்குடா' என்று யாரும் உசுப்பேற்றத் தேவையே இல்லை.

10 ஜூலை 2024

"அது அமெரிக்கப் பசங்க கதை, நம்ம பிள்ளைங்க வளர்ப்பு வேற" என்பதற்கு: 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரை 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு 2018-ல் வந்திருக்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. சிலிர்ப்பைத் தேடும் ஆசை 19 வயதையொட்டி உச்சத்துக்குப் போகிறது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் இருபதுகளின் நடுப்பகுதி வரை மெதுவாக ஏறுகிறது. ஊருக்கு ஊர் அளவு கூடலாம் குறையலாம், போக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

13 ஜூலை 2024

காலை வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலையில் நான் பார்ப்பதையும் காலையில் நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

காலை எட்டு மணிக்கு முன்னால் வரும் வண்டியில் காலை உள்ளே வைக்க இடமிருக்காது. பிள்ளைகளின் பாஸ் எல்லா வண்டியிலும் செல்லாது, வெளியூர் வண்டி நிற்காமல் பறந்துவிடும். அதை விட்டால் முதல் பீரியட் போய்விடும். இன்றைக்கு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் படியில் ஏறி, "அண்ணே, கொஞ்சம் உள்ள போங்கண்ணே, விழுந்துருவேன்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். கண்டக்டர் உள்ளே இருந்து கத்துகிறார், "ஏறாதடா, அடுத்த வண்டில வா." அடுத்த வண்டி எப்போது என்று அவருக்கும் தெரியாது.

இந்தப் பையனிடம் துணிச்சலும் இல்லை, வீம்பும் இல்லை. இவனுக்கு உளவியல் பேசுவது அநியாயம். இவனுக்குத் தேவை இன்னொரு பஸ். 'விடலைத்தனம்' என்று நாம் திட்டுவதில் ஒரு பகுதி நம்முடைய ஏற்பாட்டுக் கோளாறு. பிள்ளைகளைத் திட்டுவது சுலபம், செலவில்லாதது, அதனால் அதைச் செய்கிறோம்.

14 ஜூலை 2024

விபத்து வார்டு. இதற்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும், கேட்டவர் காத்திருக்கிறார்.

வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ராவே சிறையில் இப்படி ஒன்று செய்தார்கள். தப்புத் தண்டா செய்யத் தொடங்கியிருந்த சிறுவர்களை உள்ளே அழைத்துப் போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்ட வைத்தார்கள். பையன்கள் அழுதார்கள், பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள், பல இடங்களுக்கும் பரவியது. பிறகு இந்த மாதிரித் திட்டங்களைப் பற்றி முறையாக நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள். நல்லது நடக்காதது மட்டுமில்லை, கெடுதலே நடந்திருக்கிறது.

சிறை வேறு, ஆஸ்பத்திரி வேறு என்பீர்கள். ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தபோது சாலைப் பாதுகாப்பு என்று விபத்து வீடியோ போட்டார்கள். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு பிள்ளை மயக்கம் போட்டது. மாலை கேட் பக்கம் நின்றேன். வீடியோவில் நொறுங்கிக் கிடந்த பைக் என்ன மாடல், எத்தனை சிசி என்று பேசிக்கொண்டு போனார்கள். கல்நெஞ்சம் என்று அதற்கு அர்த்தமில்லை. பார்த்த பயத்தை ஆளுக்கு ஆள் மறைத்துக்கொள்ள அந்தப் பேச்சு. மயக்கம் போட்ட பையன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசினான், அவனுக்குத்தானே இழந்ததை மீட்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவன் படியில் நின்றிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

21 ஜூலை 2024

கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் பள்ளி இல்லை, ஆனாலும் டீச்சர் என்று தெரிந்துவிட்டது. ஏன்ப்பா உள்ளே உட்காரலாமில்ல என்றேன்.

"டீச்சர், தினம்தான் தொங்குறோம். ஒண்ணும் ஆகலையே."

"ஆனா?"

"ஆகும்தான் டீச்சர். ஆனா எப்பவோ ஒரு தடவ. உள்ள உக்காந்தா தினமும் ஓட்டுவாங்ய."

இந்தப் பதிலை நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் கணக்குப் போட்டிருக்கிறான். எப்போதோ வரக்கூடிய பெரிய நஷ்டம் ஒரு பக்கம், தினமும் நிச்சயமாக வரும் சின்ன அவமானம் மறுபக்கம். வலேரி ரெய்னா, ஃபிராங்க் ஃபார்லி இருவரும் 2006-ல் எழுதியது இதுதான்: பிள்ளைகள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவதில்லை, பல விஷயங்களில் இருப்பதைவிடக் கூட்டியே சொல்கிறார்கள். இருந்தும் லாப நஷ்டத்தை எடைபோட்டு இறங்குகிறார்கள். அனுபவப்பட்ட பெரியவர்கள் அந்த எடைக்கே போவதில்லை. 'எதுக்கு வம்பு' என்று ஒரே எட்டில் நகர்ந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் பயத்தைக் கூட்டுவதால் கணக்கு மாறாது. 'உள்ள உக்காந்தா ஓட்டுவாங்ய' என்கிற பக்கத்தைத்தான் குறைக்க வேண்டும்.

22 ஜூலை 2024

பெண் பிள்ளைகள் தொங்குவதில்லையே என்று கேட்டவருக்கு. பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதின் துடிப்பு உண்டு. முகம் தெரியாதவனிடம் போட்டோ அனுப்புவது, வீட்டுக்குச் சொல்லாமல் யாருடைய வண்டியிலோ ஏறிப் போவது என்று அது வேறு வழியில் வரும். படியில் நிற்கும் பையனை ஊரே பார்க்கிறது. இவர்களை யாரும் பார்ப்பதில்லை, அதனால் நாம் கேட்பதும் இல்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

4 ஆகஸ்ட் 2024

"மூளை இருபத்தைந்து வயது வரை வளராதாம், அதுவரை கட்டிப்போட வேண்டியதுதான்" என்று ஒருவர். வகுப்பில் நானும் இதைத்தான் பாடமாகச் சொல்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாக.

பருவம் எட்டும்போது இன்பத்துக்கும் புதுமைக்கும் துள்ளுகிற பகுதிகள் சட்டென்று விழித்துக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் புறணி, நிதானித்து நிறுத்துகிற வேலையைச் செய்வது, இருபதுகளின் நடுப்பகுதி வரை சீராகிக்கொண்டே போகிறது. ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது, பிரேக் இன்னும் பழகவில்லை என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். உண்மைதான். ஆனால் இந்த உவமையைப் பிடித்துக்கொண்டால் பையன் எந்நேரமும் பிரேக் இல்லாமல் ஓடுகிறான் என்றாகிவிடும். அப்படி இல்லை.

பெர்ன்ட் ஃபிக்னர் குழு 2009-ல் சீட்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தது. கவிழ்த்து வைத்த சீட்டுகளில் சில லாபம், சில பெரிய நஷ்டம். எத்தனை சீட்டு திருப்புவாய் என்று முன்கூட்டியே கேட்டு முடிவு செய்ய வைத்தால், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மாதிரிதான் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, கையோடு பலனையும் பார்த்துக்கொண்டு போகும்போதுதான் பிள்ளைகள் நிறுத்தாமல் போனார்கள்.

கேட்டவருக்கு இதில் உபயோகமான ஒன்று இருக்கிறது. பஸ் வந்து நிற்கும்போது உங்கள் மகனுக்கு முடிவெடுக்க வராது. முதல் நாள் ராத்திரி, சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும்போது வரும். 'தொங்காதே' என்று அப்போது சொல்லாதீர்கள். 'உள்ள போறதுக்கு நாளைக்கு என்ன சாக்குச் சொல்லுவ?' என்று கேளுங்கள். சாக்கை அவனே தயார் செய்யட்டும். அப்பாவின் பெயரைக் கெடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. 'எங்கப்பன் ஆள் வச்சுப் பாக்குறாருடா' என்பது நல்ல சாக்கு, கூட்டாளிகளிடம் கௌரவம் குறையாது.

5 ஆகஸ்ட் 2024

செல்போன் வந்துதான் கெட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1904-லேயே ஸ்டான்லி ஹால் என்பவர் விடலைப் பருவத்தின் புயலைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிவிட்டார். எங்கள் அப்பா வெள்ளக் காலத்தில் ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் வைகையில் குதித்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பேரன் குதித்தால் மட்டும் அதட்டுவார்.

செல்போன் மாற்றியது ஒன்று உண்டு. அப்பா குதித்ததைப் பார்த்தவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரீல்ஸில் பார்ப்பவர்கள் போவதே இல்லை. லைக் நிறைய விழுந்த படத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளின் மூளையில் அதே லாபப் பகுதி கூடுதலாக வேலை செய்வதை 2016-ல் கலிபோர்னியாவில் பார்த்திருக்கிறார்கள்.

6 அக்டோபர் 2024

காலாண்டு லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், கள்ளந்திரிப் பக்கம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிறது. அக்கா மகனுக்குப் பதினாறு. "சித்தி, வந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று பையன்கள் வரிசையாகக் குதிக்கிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கல்லூரி போகிற ஒரு பெரிய பையன் முதலில் படிக்கட்டு வழியாக இறங்கி, நடுவில் நீந்திப் போய், காலை விட்டு ஆழம் பார்த்தான். கரைச் சுவரில் பாசி படிந்த கோடு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே இருந்தால் மேலிருந்து யாரும் குதிக்கக் கூடாதாம். அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வரத் தெரியாதவனுக்குப் பாலத்தில் ஏற அனுமதி இல்லை. ஒரு சின்னப் பையன் ஏறப் பார்த்தான். அந்தப் பெரியவன் தண்ணீரில் நின்றபடியே, "டேய், எறங்குடா, ஒங்கம்மாட்ட நான் பதில் சொல்ல முடியாது" என்றான். சின்னவன் முனகிக்கொண்டே இறங்கிவிட்டான். நான் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பானா? மாட்டான்.

இதை நான் சரி என்று சொல்லவில்லை. தண்ணீருக்கு அடியில் என்ன அடித்துக்கொண்டு வருகிறது என்று அந்தப் பெரியவனுக்கும் தெரியாது. ஆனால் அங்கே ஒழுங்கு ஒன்று இருக்கிறது, அதைக் காப்பாற்றுவது ஒரு மூத்த பையனின் கௌரவம்.

8 அக்டோபர் 2024

கால்வாயைப் பற்றி எழுதியதும் குவாரி ஞாபகம் வந்தது. கீழவளவு பக்கம் கிரானைட் வெட்டிவிட்டுப் போட்ட பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அங்கே கரை சரிவாக இறங்காது, படி கிடையாது, செங்குத்தாக வெட்டிய பாறை. உள்ளே போனவன் ஏறிவர ஒரு பிடிப்பு இருக்காது. ஆழம் யாருக்கும் தெரியாது. மூத்தவனும் இல்லை.

படியில் தொங்குபவன் தெரிந்தே செய்கிறான் என்று ஜூலையில் எழுதினேன். குவாரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அக்னியெஷ்கா டிமுலா குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இவ்வளவு வாய்ப்பு ஜெயிக்க, இவ்வளவு தோற்க என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒதுங்கியே நின்றார்கள். வாய்ப்பு எவ்வளவு என்று தெரியாத இடத்தில்தான் பெரியவர்கள் பின்வாங்க, இவர்கள் இறங்கினார்கள்.

அதனால் குவாரியில் 'இங்கே குளிக்காதே' பலகை போதாது. உள்ளே எத்தனை அடி, எங்கே பாறை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, ஏறிவர வழி இல்லை என்று அந்த ஊர்ப் பெரிய பையன்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பஸ் படியில் தகவல் வீண், இங்கே தகவல் உயிர் காக்கும்.

3 டிசம்பர் 2024

டியூஷன் வாசலில் நிற்கும் பைக்குகளைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார். 18 ஆகாதவனிடம் சாவி கொடுத்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனை கொடுத்தவருக்கு: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை விடுங்கள். பின்னால் கூட்டாளி உட்கார்ந்த பைக், தனியாக ஓட்டும் பைக் இல்லை. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் முன்சக்கரத்தைத் தூக்குகிறவன் ஒருநாளும் தனியாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

17 ஜனவரி 2025

அவனியாபுரம், பாலமேடு, நேற்று அலங்காநல்லூர். மூன்றும் முடிந்தன. 'ஜல்லிக்கட்டுக்குக் கை தட்டுகிற ஊர் படியில் தொங்குபவனைத் திட்டலாமா' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

வாடிவாசலில் ஆபத்து குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே இறங்குபவன் பதிவு செய்து, டாக்டர் முன்னால் நின்று, சீருடை போட்டு இறங்குகிறான். தரையில் தென்னை நார் பரப்பியிருக்கிறது. திமிலைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். துணிச்சலை ஊர் அடக்கவில்லை, எல்லை போட்டு அதற்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறது. அடிபடுகிறவர்களில் பலர் அந்த எல்லைக்கு வெளியே, மாடு ஓடி வெளியேறும் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டிலும் ஒரு காளை இருக்கிறது. அதைக் கண்மாயில் நீந்த விடுவது, மண்ணைக் குத்தப் பழக்குவது, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது எல்லாம் இந்தப் பதினாறு வயசுக்காரன் வேலை. எனக்கு எப்போது மாடு பிடிக்க விடுவீர்கள் என்று நச்சரிக்கிறான். "பதினெட்டு முடியட்டும், அதுவரைக்கும் இவன நீ பாத்துக்க" என்று அத்தான் சொல்லிவிட்டார். ஏற்றுக்கொண்டான். வீட்டில் அவனுக்கு ஒரு பொறுப்பும் மரியாதையும் இருக்கிறது, அதனால் காத்திருக்க முடிகிறது. ஈவா டெல்சர் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கார் விளையாட்டை அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஆடிய பிள்ளைகள் தனியாக ஆடியதைவிடக் குறைவாகவே ஆபத்தில் இறங்கினார்கள். யார் பார்க்கிறார்கள் என்பது இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

9 பிப்ரவரி 2025

மாலை வண்டிக்குப் புதுக் கண்டக்டர் வந்திருக்கிறார். பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இருப்பதிலேயே வாலான பையனிடம், "தம்பி, சின்னப் பிள்ளைகளை ஏத்தி விட்டு, எல்லாம் ஏறிருச்சான்னு எனக்குச் சொல்றது ஒன் வேலை" என்று கொடுத்துவிட்டார். அவன் இப்போது உள்ளே நிற்கிறான், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பைகளை வாங்கிச் சீட்டில் அடுக்குகிறான். அவனோடு இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். படியில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்பதும் உண்மை. கண்டக்டர் அவனுக்கும் ஒரு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

கேட்டவர் தன் மகனோடு ராத்திரி பேசியதாக எழுதியிருக்கிறார். 'எங்கப்பன் ஆள் வச்சிருக்காரு' சாக்கை அவன் மாலையில் பயன்படுத்துகிறானாம், காலையில் வழியில்லையாம். காலையில் உள்ளே போகத்தான் இடமில்லையே.

ஆகவே காலை வண்டி. எட்டு மணிக்கு முன்னால் இன்னொரு நடை விடச் சொல்லி டெப்போ கிளை மேலாளருக்கு மனு எழுதியிருக்கிறேன். தலைமை ஆசிரியர்கள் சிலர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். வெறும் மனு போனால் மேசையிலேயே கிடக்கும். இந்தத் தடத்தில் வருகிறவர்கள் ஒரு வாரம் உங்கள் நிறுத்தத்தில் காலையில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் படியில் போனார்கள் என்று தேதி போட்டு எழுதி இங்கேயே போடுங்கள். நரசிங்கம்பட்டி, ஒத்தக்கடை இரண்டையும் நான் எழுதுகிறேன். மேலூருக்கும் தெற்குத்தெருவுக்கும் ஆள் வேண்டும்.